வாயு, ஆவி, வெற்றிடம்: சில பெயர்களும் அவற்றின் பொருளும்

நம் அங்கத்தினர்களிற் பெரும்பாலோர் தறியிலோ கழனியிலோ உழைப்பவர்கள். வாயுக்களைப் பற்றிய சாஸ்திரம் கல்லூரிச் சுவர்களுக்குள் இருக்க வேண்டிய விஷயமன்றோ, அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். ஆயினும் நூலுக்குச் சாயம் தோய்ப்பவரும், துணியை வெளுப்பவரும், கிணற்றில் பம்பு வைத்திருப்பவரும், வயலுக்கு யூரியா இடுபவரும் நாள்தோறும் வாயுக்களோடு பழகுகிறவர்களே. வாயு இருப்பதனால் நிகழ்வன சில. அது இல்லாமையால் நிகழ்வன சில. இல்லாமைக்குத் தக்க பெயர் நம் பேச்சில் வழங்காமையால் உயிர்ச்சேதமே நேர்கிறது. அதைக் கட்டுரையின் பிற்பகுதியிற் காண்போம்.

முதலில் சொற்களை எடுத்துக்கொள்வோம். காற்றுக்குப் பழந்தமிழில் வளி என்ற பெயரும் உண்டு. நிலம், நீர், தீ, வளி, விசும்பு எனப் பூதங்களை ஐந்தாக எண்ணிய முன்னோர், வளியையும் விசும்பையும் வேறு வேறாகவே வைத்தார்கள். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்று 30ஆம் பாட்டிலும், காற்று இயங்கும் திசை ஒன்று, ஏதுமின்றி நிற்கும் ஆகாயம் ஒன்று என இரண்டும் தனித்தனியே சொல்லப்படுகின்றன. இதைக்கொண்டு சங்கப் புலவர் வெற்றிடத்தை ஆராய்ந்து கண்டார் என்று மேடைகளில் முழங்குவோரும் உளர். அது மிகை. காற்று ஒரு பொருள், அது இல்லாத இடமும் எண்ணத்தக்கதே என்ற பாகுபாடு மொழியில் இருந்தது என்ற அளவில் ஒப்பலாம்.

வாயு என்ற வடசொல்லுக்கு நம் நாட்டில் சுமை அதிகம். அது தெய்வத்தின் பெயர். உடலினுள் இயங்குவதாக யோக நூல்கள் கூறும் பிராணன், அபானன் முதலிய பத்துக்கும் பொதுப்பெயர். மூட்டு வலித்தாலும் வயிறு உப்பினாலும் நாம் குற்றஞ்சாட்டுவதும் அதையே. இவ்வளவு சுமையோடு ரசாயன நூலுக்குள்ளும் அச்சொல் நுழைந்தது. ஆகவே பள்ளிப் பிள்ளை 'பிராணவாயு' என்று படிக்கும்போது, வீட்டுப் பெரியவர் வேறொன்றை எண்ணிக்கொள்வதில் வியப்பில்லை.

மேல்நாட்டு மொழிகளில் வழங்கும் 'காஸ்' என்ற சொல் பழமையானதன்று. அதைப் படைத்தவர் பதினேழாம் நூற்றாண்டில் பிரஸல்ஸ் பகுதியில் வாழ்ந்த மருத்துவர் வான் ஹெல்மாண்ட் என்பவர். அவர் 62 ராத்தல் மரக்கரியை எரித்துப் பார்த்தார். எஞ்சிய சாம்பல் ஒரு ராத்தல். மற்ற 61 ராத்தல் எங்கே போயிற்று? கண்ணுக்குத் தெரியாத ஒன்றாகி வெளியேறிற்று என்று அவர் முடிவு செய்தார். திராட்சைச் சாறு புளிக்கும்போது எழுவதும் அதுவே என்று கண்டார். உருவமற்ற ஆதிக் குழப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'கேயாஸ்' என்பதைத் திரித்து அதற்கு 'காஸ்' என்று பெயரிட்டார். அவர் 1644இல் காலமான பின், 1648இல் அவருடைய மகன் வெளியிட்ட நூலின் வாயிலாக அச்சொல் பரவிற்று.

பயிர் செய்வோர் இவருடைய மற்றொரு சோதனையையும் அறிதல் நலம். 200 ராத்தல் உலர்ந்த மண்ணைத் தொட்டியிலிட்டு, 5 ராத்தல் எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் ஊற்றி வந்தார். மரம் 169 ராத்தலுக்குச் சற்று மிகுதியாக வளர்ந்திருந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறக்குறைய இரண்டு அவுன்ஸ்தான். ஆகவே மரம் முழுவதும் நீரால் ஆனது என்று ஹெல்மாண்ட் தீர்மானித்தார். மரத்தின் உலர்ந்த எடையில் பெரும்பகுதி காற்றிலுள்ள கரியமிலவாயுவிலிருந்து வருவது என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. கரியை எரித்து எந்த வாயுவுக்குப் பெயர் சூட்டினாரோ, அதே வாயுவே மரமாகி அவர் முற்றத்தில் நின்றது. அவர் அதை அறியவில்லை.

இனி ஆவி. இட்டலி ஆவியில் வேகிறது. வண்ணார் துணியை வெள்ளாவியில் வைக்கிறார். உயிருக்கும் ஆவி என்று பெயர். சாஸ்திரத்தில் ஆவிக்கும் வாயுவுக்கும் உள்ள வேற்றுமை இன்னும் திட்டமானது. 1869ஆம் ஆண்டில் ஐர்லாந்து நாட்டு விஞ்ஞானி தாமஸ் ஆண்ட்ரூஸ், கரியமிலவாயுவை எவ்வளவு அழுத்தினாலும் 31 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் அது திரவமாகாது என்று கண்டு வெளியிட்டார். ஒவ்வொரு வாயுவுக்கும் இத்தகைய எல்லை ஒன்றுண்டு. அதனை மாறுநிலை வெப்பநிலை என்பர். அவ்வெல்லைக்குக் கீழே இருப்பது ஆவி. அழுத்தினால் மட்டுமே திரவமாகும். மேலே இருப்பது வாயு. என்ன அழுத்தினாலும் ஆகாது. நீருக்கு எல்லை 374 டிகிரி; ஆகவே பானையிலிருந்து எழுவது ஆவியே. ஆக்ஸிஜனுக்கு எல்லை பூஜ்யத்திற்குக் கீழே 118 டிகிரி. ஆகவே அது எந்த ஊரிலும் வாயுவே. கரியமிலவாயுவின் நிலை வேடிக்கையானது. மார்கழி விடியலில் அது ஆவி. சித்திரை உச்சிவேளையில் வாயு! வீட்டில் 'காஸ் சிலிண்டர்' என்று சொல்கிறோமே, அதிலுள்ள புரோப்பேன், பூட்டேன் இரண்டும் நம் நாட்டு வெப்பத்தில் ஆவி இனத்தைச் சேர்ந்தவை. அதனாலேயே அவை திரவமாகி உருளைக்குள் அடங்கிக் குலுங்குகின்றன. கடைக்காரரிடம் 'ஆவி உருளை வேண்டும்' என்று கேட்க வேண்டியதில்லை, வழக்கு வென்றுவிட்டது.

தனித்தனி வாயுக்களின் பெயர்களுக்கு வருவோம். 1770ஐ ஒட்டிய ஆண்டுகளில், காற்று என்று ஒன்றாக எண்ணப்பட்டது பல பொருள்களாகப் பிரிந்தது. காவெண்டிஷ் 1766இல் எரியும் காற்றையும், டானியல் ரூதர்போர்டு 1772இல் உயிரைக் காக்காத காற்றையும், பிரீஸ்ட்லி 1774இல் தீயை ஓங்கி எரியச் செய்யும் காற்றையும் ஆராய்ந்து எழுதினார்கள். அவரவரும் தமக்குத் தோன்றிய பெயரை வைத்தமையால் குழப்பம் மிகுந்தது. 1787இல் பாரிஸ் நகரில் லவாய்ஸியே, குய்ட்டன் டி மோர்வோ, பெர்த்தொலே, ஃபூர்க்ரோய் என்னும் நால்வர் சேர்ந்து பெயரிடும் முறை ஒன்றை வெளியிட்டனர். பொருளின் பெயரே அதன் இயல்பைச் சொல்ல வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை.

கொள்கை நன்று. ஆனால் இயல்பைத் தவறாக அறிந்திருந்தால் பெயரும் தவறிவிடும். ஆக்ஸிஜன் என்ற சொல்லுக்கு 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று பொருள். எல்லா அமிலங்களிலும் அது இருக்கிறதென்று லவாய்ஸியே நம்பினார். உப்பிலிருந்து எடுக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜன் சிறிதும் இல்லை. இதை உணர்த்திய டேவி என்பவர், அந்த அமிலத்திலுள்ள பசுமஞ்சள் வாயுவுக்கு 1810இல் நிறத்தை ஒட்டிக் குளோரின் என்று பெயர் தந்தார். ஹைட்ரஜன் என்றால் 'நீரைப் பிறப்பிப்பது', அது சரியே. நைட்ரஜனுக்கு அந்நால்வர் வைத்த பெயர் 'அசோட்', அதாவது உயிரற்றது. உயிரற்றது என்று பெயரிட்ட அப்பொருளின்றி ஒரு நெற்கதிரும் விளையாது! வெடியுப்பில் இருப்பது என்ற பொருளில் நைட்ரஜன் என்ற பெயரை 1790இல் சாப்தால் கொண்டுவந்தார். நம் உழவர் அதன் பயனைப் பார்த்துத் 'தழைச்சத்து' என்கிறார்கள். யூரியா மூட்டையில் 46 சதவீதம் என்று எழுதியிருப்பது இதைத்தான். நம்மைச் சூழ்ந்த காற்றில் 78 பங்கு இதுவேயாயினும், அவரை, உளுந்து முதலியவற்றின் வேர்முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் பிடித்துத் தந்தாலொழிய, அல்லது ஆலையில் அமோனியாவாக மாற்றினாலொழிய, பயிருக்கு அது எட்டாது.

நால்வரில் ஒருவரான பெர்த்தொலே நெசவாளர் மறக்கத்தகாதவர். பிரான்ஸ் நாட்டுச் சாயத் தொழிலின் மேற்பார்வை அவரிடம் இருந்தது. குளோரின் துணியின் பழுப்பைப் போக்கும் என்று 1785இல் அவர் எடுத்துரைத்தார். அதுவரை ஐரோப்பாவில் துணியைப் புல்வெளியில் விரித்து, வெயிலிலும் புளித்த மோரிலும் மாறிமாறி இட்டுப் பல வாரங்கள் காத்திருந்தார்கள். 1799இல் கிளாஸ்கோ நகரத்துச் சார்லஸ் டென்னண்ட், குளோரினைச் சுண்ணாம்பில் ஏற்றி வெளுப்புத்தூளாக்க உரிமை பெற்றார். சாயப்பட்டறையில் இத்தூளின் அருகே அமிலப் பாத்திரத்தை ஒருபோதும் வைத்தலாகாது. இரண்டும் கலந்தால் சுண்ணாம்பில் அடங்கிய குளோரின் விடுபட்டு எழும். காற்றைவிட இரண்டரை மடங்கு கனமான அவ்வாயு தரையோடு பரவி நுரையீரலைச் சுடும். 1915 ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தில் இப்ரே என்ற இடத்தில் ஜெர்மானியப் படை போர்க்கருவியாக ஏவியது இந்த வாயுவையே.

தமிழில் இவற்றுக்குப் பெயர் காணும் முயற்சியும் பழமையானதே. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கரான சாமுவேல் கிரீன் தமிழில் பெயர்த்துத் தந்த 'கெமிஸ்தம்' என்ற ரசாயன நூல் 1875இல் வெளிவந்தது. 1916இல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் சாஸ்திரக் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் அமைத்தனர். இன்று ஒரே பொருளுக்கு மூன்று நான்கு பெயர்கள் உலவுகின்றன. பிராணவாயு, உயிர்வளி, ஆக்ஸிஜன் மூன்றும் ஒன்றே. இலங்கைப் பாடநூல்களில் அது ஒட்சிசன். கரியமிலவாயு அங்கே காபனீரொட்சைட்டு. எது சிறந்தது என்று வாதிடுவோர் வாதிடட்டும். என் கருத்து இது: அமிலத்தைப் பிறப்பிப்பது என்னும் பிழைப்பட்ட பெயரைவிட உயிர்வளி என்பது உண்மைக்கு நெருங்கியது. ஆனால் மருந்துக்கடையிலும் மருத்துவமனையிலும் ஆக்ஸிஜன் என்ற சொல்லே உயிரைக் காக்கும். இரண்டையும் அறிந்திருப்பதில் நட்டமில்லை.

பெயர் வரலாற்றில் நம் பக்கத்துக்கு உரிய செய்தி ஒன்றும் உண்டு. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தின்போது, அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரில் பிரெஞ்சு வானநூலார் ழான்சென் சூரியனைச் சூழ்ந்த ஒளியை ஆராய்ந்தார். அவ்வாண்டில் சூரிய ஒளியிற் கண்ட புதிய மஞ்சட் கோட்டை ஆங்கில அறிஞர் லாக்கியர் அறியப்படாத ஒரு பொருளுக்கு உரியது என்றார். சூரியனின் கிரேக்கப் பெயரால் அது ஹீலியம் எனப்பட்டது. பூமியில் அதனை ராம்ஸே கண்டது 1895இல்தான். பரிதியம் என்ற தமிழ்ப்பெயர் அந்தப் பொருளையே தழுவியது.

இனி, வாயுவே இல்லாத நிலை. இதற்கு வெற்றிடம் என்று பெயர். முன்னாளில் சூனியம் என்றும் எழுதினார்கள். சூனியம் என்ற சொல்லை ஊரில் வேறு காரியத்துக்கு வழங்குவதால் வெற்றிடமே தக்கது. இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது, அதனாலேயே உறிஞ்சுகுழாயில் நீர் ஏறுகிறது என்று ஐரோப்பியப் பண்டிதர்கள் நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். ஆனால் கிணறு தோண்டும் தொழிலாளிக்குத் தெரிந்த ஒன்று பண்டிதருக்குத் தெரியவில்லை. ஏறக்குறைய 34 அடிக்கு மேல் எந்த உறிஞ்சு பம்பும் நீரை ஏற்றுவதில்லை. இயற்கையின் வெறுப்பு 34 அடியோடு தீர்ந்துவிடுமா? கலிலியோ 1638இல் வெளியான நூலில் இந்த எல்லையைக் குறிப்பிட்டார். காரணம் காண்பது அவருக்குப் பின் வந்த டாரிசெல்லிக்கு வாய்த்தது.

டாரிசெல்லி நீருக்குப் பதிலாக அதைவிட 13.6 மடங்கு கனமான பாதரசத்தை எடுத்துக்கொண்டார். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிப் பாதரசக் கிண்ணத்தில் கவிழ்த்தால், அது 76 சென்டிமீட்டர் உயரத்தில் இறங்கி நிற்கும். அதற்கு மேல் குழாயில் இருப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை. மனிதன் செய்துகாட்டிய வெற்றிடம் அதுவே. இச்சோதனை 1643இல் நிகழ்ந்தது. நாமெல்லாம் காற்றுக்கடலின் அடியில் வாழ்கிறோம், அந்தக் காற்றின் பாரமே பாதரசத்தைத் தாங்கி நிற்கிறது என்று அவர் 1644இல் கடிதம் எழுதினார். 1648இல் பாஸ்கல் தம் மைத்துனரைப் பிரான்ஸிலுள்ள மலை ஒன்றன் மேல் அக்குழாயோடு ஏறச்செய்தார். மேலே செல்லச் செல்லப் பாதரசம் தாழ்ந்தது, ஐயம் தீர்ந்தது. மாக்டபர்க் நகரத் தலைவர் குவெரிக்கே இரண்டு உலோக அரைக்கோளங்களை ஒட்டி உட்காற்றை வாங்கிவிட்டு, 1657இல் பக்கத்துக்கு எட்டாக 16 குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார், பிரிப்பது பெரும்பாடாயிற்று. ஒரு பக்கத்தை மரத்தில் கட்டி எட்டுக் குதிரைகளை மட்டும் பூட்டியிருந்தாலும் இழுவிசை அதுவேதான். ஆனால் 16 குதிரைகள் கண்ணுக்கு விருந்தல்லவா?

பம்புக்குத் திரும்புவோம். பம்பு நீரை இழுப்பதில்லை. குழாயிலுள்ள காற்றை அகற்றி வெற்றிடத்தை உண்டாக்குவதே அதன் வேலை. கிணற்றுநீரின் மேல் அமர்ந்திருக்கும் காற்று, தன் பாரத்தால் நீரைக் குழாய்க்குள் தள்ளுகிறது. தள்ளும் காற்றின் பாரம் 34 அடி நீருக்குத்தான் ஈடு. கடல் மட்டத்தில் இக்கணக்கு. கோயமுத்தூரில் காற்று சற்றே மெலிந்திருப்பதால் சுமார் 32 அடி, உதகையில் சுமார் 26 அடி. குழாயின் உராய்வும் நீரிலிருந்து எழும் ஆவியும் இன்னும் குறைக்கும். ஆகவே நடைமுறையில் நீர்மட்டத்திலிருந்து 20 அடிக்கு மேல் மையவிலக்குப் பம்பை வைத்தலாகாது. எத்தனை குதிரைத்திறன் மோட்டார் வாங்கினாலும் இந்த எல்லை நகராது. மோட்டார் சரியில்லை என்று கடன்பட்டுப் பெரிய மோட்டார் வாங்கி ஏமாறுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். புட்வால்வு ஒழுகினாலோ மூட்டில் மயிரிழைத் துளை இருந்தாலோ காற்று புகும், வெற்றிடம் கெடும், 'ஏர் பிடித்துக்கொண்டது' என்று நீரூற்றிப் பார்க்கிறோம். ஆழ்துளைக் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார் அடியிலிருந்து தள்ளுவதால் அதற்கு இந்த எல்லை இல்லை.

முழு வெற்றிடம் என்பது எட்டாத பொருள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம்மைச் சூழ்ந்த காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் இரண்டரை லட்சம் கோடிக் கோடி மூலக்கூறுகள் உண்டு. எத்துணை நுட்பமான கருவி கொண்டு வாங்கினாலும் சில எஞ்சியே நிற்கும்.

வாயு இல்லாமையில் இன்னொரு வகை உண்டு. காற்று நிறைந்திருக்கும், அதில் ஒரு வாயு மட்டும் இராது. சாயத்தொட்டியில் நாம் இதை வேண்டியே செய்கிறோம். நீலச்சாயம் நீரிற் கரையாது. காரமும் ஹைட்ரோஸும் இட்டு ஆக்ஸிஜனின் பிடியை அகற்றினால் அது பசுமஞ்சளாகக் கரைந்து நூலுக்குள் புகும். நூலை வெளியே எடுத்து உதறியதும் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டு, கண்ணெதிரே நீலம் ஏறி நிலைக்கிறது. தொட்டியை வீணாகக் கலக்காதே என்று பழைய சாயக்காரர் சொல்வது காற்று உட்புகாமல் இருக்கவே.

இதே இல்லாமை கிணற்றுக்குள் நேர்ந்தால்? நாளிதழ்களில் 'விஷவாயு தாக்கி மூவர் மரணம்' என்று அடிக்கடி படிக்கிறோம். அந்தச் சொற்றொடரே ஆபத்தானது என்பேன். விஷம் என்றால் நாற்றமோ எரிச்சலோ இருக்கும், தாக்கினால் தெரியும், தெரிந்ததும் ஏறிவிடலாம் என்று மனம் எண்ணுகிறது. பல இடங்களில் தாக்கியது எதுவுமில்லை. இருக்கவேண்டியது இல்லை, அவ்வளவே. நெடுநாள் மூடிய கிணற்றிலும், தானியம் சேமித்த நிலக்குழியிலும், மக்கும் சருகும் மூச்சுவிடும் தானியமும் ஆக்ஸிஜனைத் தின்றுவிடுகின்றன. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமான கரியமிலவாயு அடியில் தங்குகிறது. அதற்கு நிறமில்லை, நாற்றமில்லை. நல்ல காற்றில் ஆக்ஸிஜன் 21 பங்கு. 10 பங்காகக் குறைந்தால் நினைவு தப்பும். 6 பங்குக்குக் கீழே போனால் ஓரிரு மூச்சிலேயே மனிதன் சாய்வான். கூவி அழைக்கவும் அவகாசம் இராது. அவனைத் தூக்க இறங்கும் தம்பியும், தம்பியைத் தூக்க இறங்கும் அண்டைவீட்டாரும் அவ்வாறே மாய்கின்றனர். 'ஆக்ஸிஜன் இன்மை' என்று வெளிப்படையாக எழுதினால், படிப்பவர் இறங்குமுன் சற்று நிற்பார்.

நேற்று இறங்கிய கிணறுதானே என்ற துணிவும் கூடாது. மழைக்கோப்புத் திரண்டு காற்றழுத்தம் தாழும் நாளில், மண்ணிடுக்குகளில் அடைந்திருந்த கெட்ட காற்று கிணற்றுக்குள் வெளிப்படும். டாரிசெல்லியின் பாதரசம் இறங்கும்போது கிணறு மூச்சுவிடுகிறது.

அரிக்கேன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் நல்லதே. ஆனால் அதன் அளவை அறிந்திருக்க வேண்டும். ஆக்ஸிஜன் ஏறக்குறைய 16 பங்குக்குக் கீழே போனால் சுடர் அணையும். அணைந்தால் இறங்கலாகாது என்பது உறுதி. அணையவில்லையாதலால் இறங்கலாம் என்பது உறுதியன்று. கிணற்றுக்குள் டீசல் எஞ்சின் ஓட்டினால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடு மெய்யான நஞ்சு. சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே ஆளைக் கொல்லும். கழிவுநீர்த் தொட்டி, சாண எரிவாயுக் கலம் ஆகியவற்றில் மீதேன் இருக்கும். அங்கே விளக்கைக் கொண்டுபோவது வெடிக்குத் தீ வைப்பதாகும். ஆக்ஸிஜன் அளவு காட்டும் சிறு கருவிகள் இப்போது விலைக்குக் கிடைக்கின்றன. கிணற்றுவேலை மிகுந்த ஊர்களில் ஒவ்வோர் அங்கத்தினரும் வாங்க வேண்டியதில்லை. சங்கம் ஒன்றை வாங்கி வைத்துச் சுற்றில் விடலாம்.

இறங்கியே தீரவேண்டுமாயின், குழாய் வழியாக அடிவரை நல்ல காற்றை ஊதுகருவியால் செலுத்தி, வேலை முடியும்வரை நிறுத்தாமல் இருக்க வேண்டும். தழைக்கொத்தைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுப்பது கெட்ட காற்றைச் சற்றே கலைக்குமேயன்றி முற்றும் போக்காது. இறங்குபவர் மார்பில் கயிறு கட்டியிருக்க வேண்டும். மேலே குறைந்தது இருவர் அக்கயிற்றை விடாது பற்றி நிற்க வேண்டும். அவர் பேச்சுக்கு மறுமொழி தராவிட்டால், கயிற்றால் இழுத்தல் ஒன்றே செய்யத்தக்கது. இரண்டாமவர் இறங்காமல் 112 என்ற எண்ணில் தீயணைப்புப் படையினரை அழைக்க வேண்டும். மூச்சுக்கருவியோடு இறங்கத்தக்கவர் அவர்களே. எஞ்சின் கிணற்றுக்குள் மேடையில் இருக்குமாயின், ஆள் உள்ளே உள்ளவரை அதை இயக்கலாகாது. மற்ற வேளையிலும் அதன் புகைக்குழாய் கிணற்று வாய்க்கு மேலே, காற்று வீசும் வெளிவரை நீண்டிருக்க வேண்டும்.